அடுத்த மழைக்காலம் வரை ஒரு கன்றும் நட வேண்டாம்

சேலத்திலிருந்து வந்து பெங்களூரு கக்கதாசபுரத்தில் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார். தெருமுனையில் அரை ஏக்கர் பூங்கா ஒன்று இருக்கிறதாம். குழாய் உடைந்து கிடக்கிறது, நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது, சருகைக் கூட்டிக் குவித்து வாரம் ஒருமுறை கொளுத்துகிறார்கள். பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து தன்னார்வக் குழு தொடங்கப் போகிறார்கள். முதல் வேலையாக ஆகஸ்ட் 15 அன்று 200 கன்றுகள் நடத் திட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், காலமும் பொருந்தி வருகிறது. வேறு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

அல்சூர் பக்கம் ஒரு சிறு பூங்காவைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் குழுவில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் சொல்கிறேன்: கன்று நடுவதைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த ஆனி மாதம் வரை ஒன்றுகூட நடாதீர்கள். ஆடிப்பட்டம் என்ற சொல் வயலுக்குப் பக்கத்திலேயே வீடு வைத்திருக்கும் குடியானவருக்குச் சொன்னது. விதைத்தவர் மறுநாளும் வருவார், மாசியிலும் வருவார். உங்கள் பூங்காவுக்கு மாசியில் யார் வருவார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். அரை ஏக்கர் என்றால் சுமார் 21,800 சதுர அடி. நடைபாதை, ஊஞ்சல், ஏற்கெனவே நிற்கும் மரங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் ஒரு கன்றுக்குப் பத்தடிக்குப் பத்தடிதான் கிடைக்கும். நன்றாக வளர்ந்த ஒரு புங்கமரத்தின் நிழலே முப்பது அடி அகலம் இருக்கும். அடுத்தது தண்ணீர். ஒரு கன்றுக்கு ஒரு வாளி, அதாவது பத்து லிட்டர், வாரம் இரண்டு முறை என்று வைத்தாலும் 200 கன்றுக்கு வாரத்துக்கு 4,000 லிட்டர். மாசி தொடங்கி வைகாசி வரை பதினாறு வாரம் என்றால் 64,000 லிட்டர். 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்ததே, அப்போது குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதிரி ஒரு கோடை திரும்ப வந்தால் உடைந்த குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செத்த கன்றுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் முதல் வருடம் சுற்றுச்சூழல் தினத்தன்று அறுபது கன்றுகள் நட்டோம். ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. பேனர், படம், கேசரி, காபி எல்லாம் அமர்க்களமாக நடந்தன. அடுத்த ஏப்ரலில் எண்ணிப் பார்த்தபோது பதினொன்று உயிரோடிருந்தன. அந்தப் பதினொன்றும் எப்படிப் பிழைத்தன என்று விசாரித்தபோதுதான் பூங்காவின் மாலியோடு, அதாவது தோட்டக்காரரோடு, முதல்முறையாக உட்கார்ந்து பேசினேன். ஊத்தங்கரைக்காரர். அதுவரை ஆறு வருடமாக அந்தப் பூங்காவில் தினமும் நடந்திருக்கிறேன், அவர் தமிழ் பேசுவார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

"நீங்க வெச்சீங்கம்மா. ஞாயித்துக்கெழமை வாறோம்னு சொன்னீங்க. வரல. மோட்டார் எரிஞ்சு கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரிதான் கொடத்துல மொண்டு ஊத்துனா. அவளால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே உங்கள் குழுவின் முதல் உறுப்பினர் அந்தப் பன்னிரண்டு குடும்பத்தில் இல்லை. உங்கள் பூங்காவின் மாலியைத் தேடிப் போங்கள். பெரும்பாலும் அவர் மாநகராட்சியின் நேரடி ஊழியராக இருக்க மாட்டார், ஒப்பந்ததாரரின் ஆளாக இருப்பார். ஒரே ஆள் இரண்டு மூன்று பூங்காக்களைப் பார்ப்பதும் உண்டு. சம்பளம் எப்போது வருகிறது, துடைப்பமும் மண்வெட்டியும் யார் வாங்கித் தருகிறார்கள், மழையில் ஒதுங்க இடம் இருக்கிறதா, கழிப்பறைக்கு எங்கே போகிறார் என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்காமல் "இந்த மூலை ஏன் குப்பையாக இருக்கிறது" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்றையும் கறாராகச் சொல்கிறேன். குப்பையைப் படமெடுத்து அதிகாரிக்கு அனுப்பும் பழக்கம் எல்லாக் குழுக்களிலும் வந்துவிடுகிறது. அந்தப் படத்தால் அடி விழுவது ஒப்பந்ததாரருக்கு இல்லை, மாலிக்குத்தான். அவருடைய ஒருநாள் கூலி போகும். புகார் சொல்ல வேண்டியதை ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள்.

எங்கள் பூங்காவின் மாலி அன்று என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் பூங்காவின் வடமேற்கு மூலையில் ஒரு கடப்பைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். கீழே குழி, குழிக்குள் வால்வு. அதைத் திறக்கும் சாவி காணாமல் போய் வருடக்கணக்காகிறதாம். பழந்துணி சுற்றிய ஒரு வளைந்த கம்பியை மாட்டி இரண்டு கையாலும் திருகினார். குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் கலங்கல், அப்புறம்தான் தண்ணீர். பூங்காவின் மொத்த உயிரும் அந்தத் துணி சுற்றிய கம்பியில் இருந்தது. எங்கள் குழு செலவழித்த முதல் 350 ரூபாய் ஒரு வால்வுச் சாவிக்குத்தான். இன்று வரை நாங்கள் செய்த செலவுகளில் அதைவிட உபயோகமானது எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போர்வெல்லா, லாரியா, சுத்திகரித்த கழிவுநீரா என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தால் அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அதில் மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களும் திணறிக்கொண்டிருப்பார்கள். ஜே.பி. நகர் ஏழாவது கட்டத்தில் இருக்கும் புட்டேனஹள்ளி ஏரி இதற்கு நல்ல உதாரணம். எழுத்தாளர் உஷா ராஜகோபாலனும் அக்கம்பக்கத்தாரும் 2010-இல் ஓர் அறக்கட்டளையாகச் சேர்ந்து, மறுவருடம் மாநகராட்சியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு அந்தப் பதின்மூன்று ஏக்கர் ஏரியைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். மழைநீர் மட்டும் போதவில்லை என்று கண்டதும் பக்கத்துக் குடியிருப்பின் சுத்திகரித்த நீரை ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். நீர் நின்றதால்தான் மரமும் பறவையும் நின்றன. பாரதி பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான் என்பது நம்மவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

இப்போது சருகுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்த இடம் அதுதான்.

பெங்களூரில் தையிலிருந்து பங்குனி வரை இலையுதிர்வுதான். புங்கன் ஒரு பத்து நாளில் மொட்டையாகி, அடுத்த பத்து நாளில் பளபளவென்று இளம்பச்சை போர்த்துக்கொள்ளும். தூங்குமூஞ்சி மரம் பொடி இலையாகக் கொட்டித் தீர்க்கும். கூட்டிக் கூட்டி அலுத்துப்போன மாலிக்குக் கையில் இருக்கும் ஒரே வழி தீப்பெட்டி. திடக்கழிவு மேலாண்மை விதிகள் பொது இடத்தில் குப்பை கொளுத்துவதைத் தடைசெய்திருக்கின்றன. ஆனால் விதியைக் காட்டி மாலியிடம் சண்டை போடாதீர்கள். அவருக்கு வேறு வழியைக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

வழி எளிமையானது. நாலடி உயரத்துக்குக் கம்பி வலையை வட்டமாகச் சுற்றி நிறுத்துங்கள். குறுக்களவும் நாலடி இருக்கட்டும். மூலையில், நிழலில், அடியில் சிமெண்ட் இல்லாத மண்தரையில் வையுங்கள். ஒரு முழம் சருகு போட்டு மிதித்து, தண்ணீர் தெளித்து, சாணக் கரைசலோ புளித்த மோரோ ஊற்றுங்கள். மறுபடி சருகு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கடப்பாரையால் கிளறிப் புரட்டிவிட வேண்டும். ஈரம் எவ்வளவு வேண்டும் என்றால், ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. தை மாதக் காலைக் குளிரில் அந்தக் குவியலைத் திறந்தால் உள்ளேயிருந்து ஆவி கிளம்பும். கையை விட்டுப் பாருங்கள், சாதம் வடித்த பானைக்குள் விட்டதுபோலச் சுடும். எங்கள் குழுவில் வந்த குழந்தைகளில் பாதிப்பேர் இந்த ஒரு வித்தையைப் பார்க்கத்தான் மறுவாரமும் வந்தார்கள். தூங்குமூஞ்சி இலை மூன்று மாதத்தில் கறுப்பாகப் பொலபொலவென்று ஆகிவிடும். மாவிலை, பலா இலை, சில்வர் ஓக் இலை எல்லாம் தடித்தவை. ஆறு மாதம் பிடிக்கும், அவற்றை நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மட்கும்.

இரண்டு எச்சரிக்கை. வலையை நிறுத்திய மறுநாளே யாராவது குழந்தையின் டயாப்பரைப் போடுவார்கள், சாக்லேட் உறை போடுவார்கள். "சருகு மட்டும்" என்று கன்னடத்தில் பெரிதாக எழுதி மாட்டுங்கள், முதல் இரண்டு மாதம் தினமும் எட்டிப் பாருங்கள். அப்புறம், எல்லாச் சருகையும் வாரிவிடாதீர்கள். நடைபாதையிலும் புல்லிலும் விழுவதைக் கூட்டினால் போதும். மரத்தடியில் விழுந்தது மரத்துக்கே. அது வெயிலில் மண் காயாமல் காக்கிறது, அதற்கடியில்தான் மண்புழு இருக்கிறது, மைனாக்கள் கிளறித் தின்ன வருவதும் அங்கேதான். மொசைக் தரை மாதிரி பளிச்சென்று கூட்டிய பூங்காவில் மண் செத்துப்போகும். இதை உங்கள் அசோசியேஷன்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் மாலிக்குப் புரியவைப்பதைவிடக் கடினம், பொறுமையாகச் சொல்லுங்கள்.

சட்டம், அலுவலகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பூங்கா யாருடையது என்று கண்டுபிடியுங்கள். கப்பன் பார்க்கும் லால்பாகும் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் கீழ் இருக்கின்றன. நம் தெருப் பூங்காக்கள் ஆயிரத்து இருநூறுக்கும் மேல், மாநகராட்சி வசம் இருந்தவை. பழைய பெருநகர மாநகராட்சியைக் கலைத்து 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டதால், பழைய தொலைபேசி எண்ணையும் பழைய அதிகாரி பெயரையும் நம்பாமல் நேரில் போய்க் கேளுங்கள். பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் பூங்காவாகவும் இருக்கலாம், தனியார் லேஅவுட் போட்டவர் இன்னும் ஒப்படைக்காத இடமாகவும் இருக்கலாம். கடைசி வகை என்றால் உஷாராக இருங்கள். யாரும் கவனிக்காத பூங்கா நிலம்தான் ஒருநாள் காலையில் வேறு ஏதாவதாக மாறி நிற்கும். 1985-இல் வந்த கர்நாடகப் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. லேஅவுட் வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வெட்டவோ பெரிய கிளை கழிக்கவோ 1976-இன் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு திட்டத்துக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டுவதாக இருந்தால் பொது அறிவிப்பு கொடுத்து மக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். இந்த ஊரில் அப்படிக் குரல் கொடுத்துப் பலித்ததும் உண்டு. ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்ட எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டப் போகிறார்கள் என்றதும் 2016 அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் கைகோத்துச் சாலையில் நின்றார்கள். "பேடா" என்ற ஒரு கன்னடச் சொல்தான் அன்று எல்லோர் வாயிலும். வேண்டாம் என்று பொருள். மறுவருடம் மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்தச் சங்கிலியில் நின்றவர்களில் பலர் தங்கள் தெருவில் ஏதோ ஒரு மரத்தடியில் வருடக்கணக்காகக் குப்பை பொறுக்கியவர்கள்தான். கூட்டம் ஒரே நாளில் கூடவில்லை.

நீங்கள் பூங்காவுக்குள் செய்யப்போவதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, தோட்டக்கலைப் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். அனுமதிக் கடிதம் வர மாதக்கணக்காகலாம். சருகு மட்கவைப்பதற்கும் ஆணி பிடுங்குவதற்கும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள், மண்ணைத் தோண்டுவதற்குக் கேட்பார்கள். சங்கமாகப் பதிவு செய்வதெல்லாம் இரண்டு வருடம் போகட்டும். பதிவு செய்த அன்றே தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சு வரும். நன்றாக நடந்துகொண்டிருந்த இரண்டு குழுக்கள் அந்த ஒரு பேச்சில் உடைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மின்கம்பங்களை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். விளக்குக் கம்பத்தின் அடியில் மூடி இல்லாமல் ஒயர் வெளியே தொங்கினால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குத்தான் புகார். அது சரியாகும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மழை பெய்யும்போது ஈரப் பூங்காவில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. மரம் ஏறிக் கிளை வெட்டுவதும் உங்கள் வேலை இல்லை, எவ்வளவு தைரியசாலி குழுவில் இருந்தாலும் சரி.

மொழியைப் பற்றி ஒன்று. பன்னிரண்டு குடும்பமும் தமிழ்க் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்தான், ஆனால் அப்படியே தொடங்காதீர்கள். கன்னடம் பேசும் இரண்டு குடும்பங்களைத் தேடிச் சேர்த்துக்கொண்ட பிறகு முதல் கூட்டத்தை வையுங்கள். பலகையில் கன்னடம் முதலில் இருக்கட்டும். கூட்டத்தில் நம் அரைகுறைக் கன்னடம் தாராளமாகப் புழங்கட்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை மொழிச் சண்டையால் 1991-இலிருந்து பதினெட்டு வருடம் துணி போர்த்தி நின்று, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அந்த வருடங்களில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். ஒரு புங்கமரத்தடியை மாநிலப் பிரச்சினையாக்கும் வாய்ப்பையே யாருக்கும் கொடுக்கக் கூடாது. நம்முடைய பங்கும் இந்த மண்ணில் சின்னதில்லை. லால்பாகை 1760-இல் ஹைதர் அலி தொடங்கினார். தோட்டவேலையில் கைதேர்ந்த திகளர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரின் தோட்டங்களில் பாடுபட்டிருக்கிறார்கள். தமிழ்ப்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களைப் பற்றிய வழக்கு. இன்றைக்கும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி தர்மராயர் கோயில் கரகத்தைத் தூக்கி நடத்துவது அவர்கள்தான். அந்தக் கரகத்தில் ஊரே கலந்துகொள்கிறது.

அடுத்ததாக, பூங்கா யாருக்கு என்ற கேள்வி. குழு தொடங்கி ஒரு வருடம் ஆனதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஓர் ஆசை வரும், பூங்காவைப் பூட்டி வைக்கலாமே என்று. பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை பூட்டினால் சுத்தமாக இருக்குமே. கண்ட ஆட்கள் வந்து படுக்க மாட்டார்களே. கிரிக்கெட் ஆடிச் செடியை உடைக்க மாட்டார்களே. எங்கள் குழுவிலும் இந்தப் பேச்சு வந்தது, நானும் முதலில் தலையாட்டினேன். பிறகு ஒரு சித்திரை மாத மத்தியானம் வால்வு மூடப் போனேன். மகிழமரத்தடி பெஞ்சில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த பெஞ்சில் மூன்று வீடுகளில் வேலை முடித்து நான்காவது வீட்டுக்குப் போக வேண்டிய இரண்டு பெண்கள் டப்பாவைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதில் ஒரு அம்மா அவசர அவசரமாக மூடிக்கொண்டு எழுந்தார். "உக்காருங்கம்மா, சாப்பிடுங்க" என்றேன். "பூட்டப் போறீங்களாக்கா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காலை ஆறு மணிக்கு நடக்க வரும் நமக்கு வீட்டில் மின்விசிறி இருக்கிறது. உச்சிவெயிலில் அந்த நிழலுக்குக் காத்திருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. 2024 ஜூனில் மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை திறந்து வைக்கச் சொல்லி அரசு அறிவித்தபோது, எங்கள் குழுவின் கடைசி எதிர்ப்பும் அடங்கியது. பையன்களோடு பேசி ஒரு பக்கத்தை விளையாட விட்டோம். அவர்களே பந்து படும் இடத்தில் செடி வேண்டாம், இந்தப் பக்கம் வையுங்கள் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன இடத்தில் வைத்த செம்பருத்தி வேலி இன்றும் நிற்கிறது.

குழு நடத்துவதில் எனக்குத் தெரிந்த சூட்சுமம் இவ்வளவுதான்: ஒரே கிழமை, ஒரே நேரம், ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிறு காலை ஆறரை என்றால் பெய்தாலும் காய்ந்தாலும் ஆறரை. இரண்டே பேர் வந்தாலும் வேலை நடக்க வேண்டும். வராதவர்களை வாட்ஸ்அப்பில் குத்திக்காட்டாதீர்கள், மூன்றாம் மாதம் தானாகத் திரும்ப வருவார்கள். பணம் வசூலிக்காதீர்கள், பொருளாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் மண் அள்ளும் பாண்டு இரண்டு, இன்னொருவர் களைக்கொத்தி. பெரிய நன்கொடை தேடி வந்தால் கூடவே பெயர்ப்பலகையும், கலர் கலராக உடற்பயிற்சி இயந்திரமும், மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் திண்ணையும் வரும். அந்தத் திண்ணை வேண்டவே வேண்டாம். பங்குனி சித்திரையில் இடியோடு வரும் முதல் மழைக்காற்றில் பெங்களூரில் மரங்கள் சாய்வதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. ஒருபக்கம் கால்வாய்க்காக வேரை வெட்டியிருப்பார்கள், மறுபக்கம் சிமெண்ட் பூசி மூச்சை அடைத்திருப்பார்கள்.

இப்படி ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஒரு கோடையும் போனால் பூங்கா உங்களுக்குத் தன்னைக் காட்டும். எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எங்கே மாலை வெயில் விழுகிறது, எந்த மரத்தில் குக்குறுவான் பறவை பொந்து குடைகிறது, எந்தக் கிளையில் புல்லுருவி ஏறி மரத்தைத் தின்கிறது என்று தெரியும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது மாதிரி அதே நாட்களில் உங்கள் பூங்காவிலும் கால்மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள், வருடா வருடம் ஒப்பிடலாம்.

அதற்கப்புறம் ஆனியில், மழை பிடித்த பிறகு, நடுங்கள். இருபது போதும். இடுப்பளவு பொடிக்கன்று வேண்டாம், ஆளுயரம் வளர்த்த கன்றாகத் தேடுங்கள். 1980-களின் தொடக்கத்தில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நேகின்ஹாள் இந்த நகரத்தில் ஏறக்குறைய 15 லட்சம் கன்றுகளை நட்டார். உயரமான கன்று, ஒவ்வொன்றுக்கும் கூண்டு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்று நாம் நிற்கும் நிழலில் பெரும்பங்கு அந்த மரங்களுடையது. கூண்டு போடுங்கள், ஆனால் மரம் தன் காலில் நின்றதும் அதைக் கழற்ற மறக்காதீர்கள். எங்கள் பூங்கா வாசலில் ஒரு நாவல் மரம் தன் இரும்புக் கூண்டையே விழுங்கி நின்றது. பட்டை இருபுறமும் உதடு மாதிரி பிதுங்கி, நடுவில் துருப்பிடித்த பட்டை இரும்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஹாக்ஸா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தோம். உள்ளே போனதை அப்படியே விட்டுவிட்டோம்.

எந்த மரம் என்று பேச்சு வரும். புங்கன், நாவல், மகிழம், அத்தி, செண்பகம், பூவரசு எல்லாம் இந்தச் செம்மண்ணுக்குத் தோதானவை. அத்தி ஒன்று இருந்தால் போதும், பறவைகளை நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. ஜகரண்டா, தபேபுயா வெளிநாட்டு மரம் என்று வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1908-இல் இங்கே வந்த ஜெர்மன் தோட்டக்கலை நிபுணர் குரூம்பீகல், வருடம் முழுக்க ஊரில் ஏதாவதொரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டவர். பங்குனியில் ஊதாவும் மஞ்சளுமாகப் பார்க்கிறோமே, அதில் அவருடைய கைவண்ணமும் இருக்கிறது. இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக நடுவது நம் மரமாக இருக்கட்டும். சீக்கிரம் வளரும் என்று யாராவது கோனோகார்பஸ் கொண்டுவந்தால் மட்டும் வாங்காதீர்கள், குஜராத்தில் 2023-இலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். நட்ட பிறகு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீட்டின் பெயரைக் கன்றில் மாட்டாமல் நோட்டில் எழுதுங்கள்.

சரி, ஆகஸ்ட் 15-க்கு எல்லோரையும் அழைத்துவிட்டீர்கள், குழந்தைகள் ஆசையாக இருப்பார்கள், அன்று என்ன செய்வது? கொடியேற்றி முடித்ததும் மாலிக்கும் தெருவைக் கூட்டும் பௌரகார்மிகர்களுக்கும் முதல் இனிப்பைக் கொடுங்கள். பிறகு மரங்களில் அடித்த ஆணிகளைப் பிடுங்குங்கள். பி.ஜி. விடுதி விளம்பரம், டியூஷன் விளம்பரம், சீரியல் விளக்கு மாட்டியது என்று ஒவ்வொரு மரத்திலும் பத்துப் பதினைந்து இருக்கும். பின்பக்கம் பிளவுள்ள சுத்தியல் நாலு போதும். சுத்தியலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பலகைத் துண்டை வைத்து நெம்பினால் பட்டை நசுங்காது. பட்டை மூடிவிட்ட ஆணியைத் தோண்டாதீர்கள். பெரியவர் ஒருவர் பிடுங்க, குழந்தைகள் எண்ணிப் போடட்டும். எங்கள் பூங்காவில் முதல் நாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைந்து வழிந்தது. நீங்கள் மூடி போட்ட தகர டப்பாவாகக் கொண்டுபோங்கள், துருப்பிடித்த ஆணி புல்லில் விழுந்தால் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகளின் காலில்தான் ஏறும்.